இஸ்திரிப் பெட்டியிடம் சொன்ன பதில்

அந்தக் குடும்பத்துக்கு ஒரு கோளாறு உண்டு. கோபம் வந்தால் அடிக்க மாட்டார்கள், கத்த மாட்டார்கள், தட்டைத் தூக்கி எறிய மாட்டார்கள். பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதையாவது முழுசாக நிறுத்தித் தொலைத்தால் பரவாயில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் பக்கத்தில் கிடக்கிற சாமானிடம் சொல்வார்கள். கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்ள வேண்டும். செத்துப்போன அப்பா ஒருமுறை அம்மாவோடு முறைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க ரேடியோவிடம் பேசினார். "இன்னைக்கு எதுலயுமே உப்பு இல்ல" என்று ரேடியோவிடம் புகார் சொல்வார். அம்மா ஜன்னலைப் பார்த்து, "நாக்கு செத்துப்போச்சுன்னா உப்பு என்ன பண்ணும்" என்பாள். ரேடியோ தன்பாட்டுக்குச் செய்தி வாசித்துக்கொண்டிருக்கும்.

அப்பாவின் சலவைக்கடை இரண்டு பிள்ளைகளுக்கும் வந்தது. அவருடைய கோபம் மட்டும் மொத்தமாக அக்காவுக்கு வந்தது.

தம்பி பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். சேர்ந்துவிட்டான் என்றால், சேர்ந்தும் சேராமலும். கையெழுத்துப் போட்டாகிவிட்டது, உடம்பைச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது, மார்பில் பட்டாள முத்திரை போட்ட ஒரு பச்சைப் பனியனும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் பயிற்சி முகாமில் இடமில்லை; மழையும் குளிரும் முடிந்து வா, அதுவரை வீட்டில் இருந்து உடம்பைப் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். இப்படி ஆளைப் பிடித்து, முத்திரை குத்தி, மறுபடி அவன் வீட்டிலேயே மேய விடுகிற வழக்கத்தை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியவில்லை. அவனுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அக்கா கொதித்துப் போனாள். அவன் போகிறான் என்பதற்காக மட்டும் இல்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லையே! அப்பா போன பிறகு பாய்லரையும் போர்வை தேய்க்கிற பழைய ரோலரையும் கட்டிக்கொண்டு இருவரும்தான் மாரடித்தார்கள். ஓட்டல் துணியோடு ஆஸ்பத்திரித் துணியும் இப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. இன்னொரு ரோலர் போடலாமா, பின்பக்கச் சுவரை இடித்துக் கொட்டகையை நீட்டலாமா என்று அவள் இரவும் பகலும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். இவன் ஒரு மத்தியானம் துணி கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, சாவகாசமாகக் கை கழுவிக்கொண்டே சொன்னான்.

"நான் பட்டாளத்துல சேந்துட்டேன்க்கா."

அவள் அவனைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்த்திருந்த துடைப்பத்தைப் பார்த்தாள். "இந்த வீட்டுல நான் யாரு? வேலைக்காரி. வேலைக்காரிகிட்ட யாராவது கேட்டுட்டா செய்வாங்க?" என்று துடைப்பத்திடம் சொன்னாள். அன்றைக்கு நின்றது பேச்சு.

இதில் பெரிய வேடிக்கை, அவர்கள் செய்கிற வேலை இரண்டு ஆள் இல்லாமல் நடக்காது என்பதுதான். ஈரப் போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து ரோலருக்குக் கொடுக்க வேண்டும். ஒருத்தர் அவசரப்பட்டால் துணி கோணிக்கொண்டு சுருளும். வெந்து வெளியே வந்ததை மறுபடி ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். தம்பி தன் முனைகளை அவள் கையில் கொடுப்பான். விரல் விரலில் படும். ஒவ்வொரு போர்வைக்கும் முகத்துக்கு நேர் முகம் வந்து நின்று, பேசாமல் பிரிந்து போவார்கள். நாள் முழுக்க இதே கூத்து. வேறு யாராக இருந்தாலும் இரண்டாம் நாளே சிரித்துத் தொலைத்திருப்பார்கள்.

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாவோ பெருமையில் மிதந்தாள். துணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "பையன் பட்டாளத்துக்குப் போறான்" என்று ரசீதோடு சேர்த்துக் கொடுத்தாள். தெருவே அவனுக்குக் கை கொடுத்தது. முடிதிருத்துகிறவர் காசு வாங்காமல் முடி வெட்டிவிட்டார். இரண்டு மாதம் கழித்தும் அவன் அதே தெருவில் அழுக்கு மூட்டையோடு போய்க்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அதே முடிதிருத்துகிறவர், "என்னப்பா, இன்னும் போகலையா? சண்டையே முடிஞ்சிடப் போகுது" என்றார். கடை உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு உள்ளூரச் சந்தோஷம். அப்புறம் கோபம். என் தம்பியைக் கிண்டல் பண்ண இவன் யார்?

ஆனால் அவளுடைய மொத்த வயிற்றெரிச்சலும் எதிர்ச் சாரியில், செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற பட்டாள ஆளெடுப்பு அலுவலகத்து அதிகாரியின் மேல்தான். அவர் கால்சட்டையின் மடிப்பில் கைவைத்தால் வெட்டிவிடும். அந்த மடிப்பை எடுத்துக் கொடுத்ததே அக்காதான்! வாரா வாரம் அவர் உடுப்பு இங்கேதான் வெளுக்க வரும். கஞ்சி போட்டு, ஈரத் துணி விரித்து, உயிரைக் கொடுத்துத் தேய்த்து, ஹேங்கரில் தொங்கவிட்டு, தம்பி கையில்தான் கொடுத்து அனுப்புவாள். அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி ஏறித்தான் அவன் மயங்கினான். அவருக்கு அவள் வைத்த பெயர் மடிப்பு.

பழி வாங்கினாள். ஒரு வாரம் மடிப்பின் கால்சட்டையை எடுத்துப் பழைய மடிப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு மடிப்பு விழும்படி அழுத்தித் தேய்த்தாள். இரண்டு தண்டவாளம். சலவைத் தொழிலில் இதைவிடக் கேவலம் கிடையாது. அப்பா பார்த்திருந்தால் ரேடியோவிடம்கூடப் பேசியிருக்க மாட்டார்.

மடிப்பு அன்றே கடைக்கு வந்தார். அம்மா சாப்பிடப் போயிருந்தாள். தம்பி பின்கட்டில் இருந்தான்.

"ரெண்டு கோடு விழுந்திருக்கு" என்றார் மரியாதையாக.

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு என் தம்பிக்கு" என்றாள் அக்கா. "எங்க வீட்டுப் புள்ளைய இழுத்துட்டுப் போறீங்க இல்ல? கோடு மட்டும் நேரா வேணுமா?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது. கால்சட்டையை மடித்துக் கல்லா மேல் வைத்துவிட்டுச் சொன்னார். "நான் யாரையும் இழுக்கலம்மா. உங்க தம்பி இன்னும் எங்க ஆளே இல்ல. அன்னைக்கு வந்து, பஸ்ல ஏறி, உள்ள போய்க் கையைத் தூக்கி உறுதிமொழி சொன்னாத்தான் எங்க ஆளு. அதுவரைக்கும் வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாங்க ஏன்னு கேப்போம், அவ்வளவுதான். யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"நெஜமாவா?"

"சட்டமே அதுதான்."

அவர் போன பிறகு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு வார்த்தை! இந்த நிமிடமே சொல்லிவிடலாம், வீம்பும் வேண்டாம் கோபமும் வேண்டாம் என்று பின்கட்டுக்கு ஓடினாள். அங்கே தம்பி பச்சைப் பனியனை மாட்டிக்கொண்டு, துணி உலர்த்தும் மிஷினின் கண்ணாடிக் கதவில் தன் முகத்தைப் பார்த்து, நெற்றிக்குக் கை வைத்து விறைப்பாகச் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கையை இறக்காமலே இளித்தான்.

அவளுக்கு மண்டைக்குள் ஏதோ படாரென்றது. நான் இங்கே குமுறிச் சாகிறேன், துரை கண்ணாடியில் அழகு பார்க்கிறார். கேட்கட்டும். என் முகத்தைப் பார்த்து, அக்கா நான் என்ன செய்யட்டும் என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அன்றைக்குச் சொல்கிறேன். அதுவரை என் வாயிலிருந்து முத்து உதிராது. அவள் திரும்பி வந்து, இரட்டை மடிப்பை நீக்க அந்தக் கால்சட்டையை நனைத்துப் போட்டாள்.

மழை ஆரம்பித்தது. எல்லையில் சண்டை வலுத்தது. ஆஸ்பத்திரியில் அடிபட்ட சிப்பாய்களுக்கென்று தனியாக ஒரு வார்டு திறந்தார்கள். அதன் துணியும் இவர்களிடமே வந்தது. முதல் மூட்டையைப் பிரித்தவன் தம்பிதான். பிரித்தான், பிரித்தபடியே நின்றான். அந்த மூட்டையின் வாடையைப் பற்றி விவரம் வேண்டாம். ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான் ஆகும், சுடுநீர் பட்டால் துணியோடு உறைந்துவிடும் என்று சின்ன வயதிலேயே தெரிந்தவன், அன்றைக்குக் கை மறந்து சுடுநீரைத் திறந்துவிட்டான். ஒரு தொட்டித் துணியும் பாழ்.

"கண்ணு எங்க இருக்கு, பொடனியிலயா?" என்று அக்கா தொட்டியிடம் கேட்டாள். தம்பி குனிந்து தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு, பட்டாளத்துக்காக அவன் ஓடிக்கொண்டிருந்த விடிகாலை ஓட்டம் நின்றது. கண்ணாடியில் சல்யூட் நின்றது. பாய்லரின் வலது பக்க வால்வு ரொம்ப நாளாக ஒழுகும். மூடும்போது ஆவி பீறிட்டுக் கையைச் சுட்டுவிடும். அதை எப்போதும் தம்பிதான் மூடுவான், அவன் மணிக்கட்டில் தழும்புகூட உண்டு. ஒருநாள் அவன் அதைப் பிடிக்கக் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள் அக்கா. பச்சைப் பனியன். முத்திரை போட்ட பக்கம் கருகிப் போயிருந்தது. அவளுக்கு வந்த திருப்தி கொஞ்சநஞ்சம் இல்லை. வருகிறான், வழிக்கு வருகிறான், இன்னும் நான்கு நாளில் வாயைத் திறந்து கேட்பான் என்று காத்திருந்தாள்.

அவன் கேட்டான். ஆனால் அவனும் அந்த வீட்டில் பிறந்தவன்தானே. போர்வையின் முனையைப் பிடித்துக்கொண்டு, ரோலரைப் பார்த்து மெதுவாகக் கேட்டான். "போட்ட கையெழுத்த அழிக்க முடியுமா?"

நாக்கு நுனி வரை வந்தது அவளுக்கு. என்னைப் பார்த்துக் கேளடா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் ரோலரையே பார்த்தான். "போடும்போது யாரைக் கேட்டாங்களாம்? அவங்களையே கேக்கச் சொல்லு" என்று அவளும் ரோலரிடமே பதில் சொன்னாள். இரும்பு ஜென்மம்! சொல்லியிருந்தால் குடியா முழுகியிருக்கும்?

பிறகு ஒரு காலையில் தம்பியின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்து தேய்ப்பு மேசைக்கு எதிரில் நின்றான். அக்கா ஓட்டல்காரனின் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், சலவை வேன் ஓட்டுகிற வேன்காரர் மூட்டை மேல் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். தம்பி அவரை அண்ணே என்பான்; இவர்கள் சண்டைக்கு அவர்தான் தபால்காரர்.

"அண்ணே" என்றான் தம்பி அவரிடம். "முன்னாடியே இடம் காலியாகுதாம். ஆள் வேணுமாம். இஷ்டம் இருந்தா அடுத்த திங்கக்கிழமையே வரலாம்கிறாங்க. போகட்டுமா, வேணாமான்னு கேளுங்க."

வேன்காரர் அக்காவைப் பார்த்தார். "கேக்குறான்மா."

முகத்தைப் பார்த்துக் கேட்டால் ஆகாதா? மூன்றாம் மனுஷனிடம் சொல்லி விடுகிறான். என்ன திமிர்! அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. காலரில் இஸ்திரிப் பெட்டியை ஓங்கி வைத்தாள். அந்தப் பெட்டியிடமே சொன்னாள்.

"போறவங்க இன்னைக்கே போகட்டும். ஷீட்டு மடிக்க வேற ஆள் கெடைக்காமலா போயிடும்?"

"கேட்டியாப்பா" என்றார் வேன்காரர், வருத்தத்தோடு.

"கேட்டுச்சுண்ணே" என்றான் தம்பி. வெளியே போய்ப் போனை எடுத்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டான்.

திங்கட்கிழமை காலை ஆளெடுப்பு அலுவலகத்துக்கு எதிரில் நீல நிற பஸ் நின்றது. பையும் கையுமாக இளவட்டங்கள், ஆளுக்கொரு கூட்டம். வேன்காரர் சலவை வேனிலேயே மூவரையும் வீட்டிலிருந்து கொண்டுவந்து இறக்கினார். தம்பி போட்டிருந்த சட்டையை அக்காதான் தேய்த்தாள். நேராக ஒரே மடிப்பு. முந்தின நாள் மாலை அதை அவன் கட்டில் மேல் வைத்தபோதுகூட ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி நிமிடத்திலாவது திரும்பிக் கேட்பான், கேட்டவுடன் வாரி அணைத்துக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று அந்தப் பைத்தியக்காரி இன்னும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் பெருமையெல்லாம் அந்த ஆஸ்பத்திரி மூட்டைகளிலேயே வடிந்துபோயிருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

"பயமா இருக்காடா?"

"இருக்கும்மா. ரொம்ப." குனிந்து சொன்னான். "என்ன பண்றது, கையெழுத்துப் போட்டாச்சு. இப்பப் போகலேன்னா வீட்டுக்கே வந்து புடிச்சிட்டுப் போய் உள்ள வச்சிடுவாங்க. உங்க பேரும் கெட்டு, கடை பேரும் கெட்டு... அதுக்கு இது மேலு."

இரண்டடி தள்ளி நின்ற அக்காவுக்குக் காதில் விழுந்தது. முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஓரடி முன்னால் வந்தாள். அவனுக்குத் தெரியாது. இத்தனை மாதமும் தெரியாது. வீம்புக்குப் போகிறான் என்று இவள் நினைக்க, வழியில்லாமல் போய்க்கொண்டிருக்கிறான்.

"யாருடா சொன்னா?" என்றாள்.

இத்தனை மாதத்தில் அவனை நேராகப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை. அவன் திடுக்கிட்டுப் போனான். அம்மாவே வாயைப் பிளந்தாள்.

"உன்னை எவனும் புடிக்க முடியாது. இந்த பஸ்ல ஏறி உறுதிமொழி சொல்ற வரைக்கும் நீ அவங்க ஆளே இல்ல. வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வாடா, வீட்டுக்குப் போகலாம். வா."

தம்பியின் முகம் ஒரு கணம் சின்னப் பிள்ளை முகமாக மலர்ந்தது. பை தோளிலிருந்து நழுவியது. அதை அவள் பார்த்தாள். அப்புறம் ஆயுசுக்கும் அவளால் மறக்க முடியாதது அந்த ஒரு கணம்தான். அவன் ஓட்டமாகப் போய், வாசலில் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மடிப்பின் முன்னால் நின்றான். அக்காவும் பின்னால் ஓடினாள்.

"சார், இப்ப நான் வரலேன்னு சொன்னா என்ன சார் ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. வீட்டுக்குப் போகலாம்."

"இதை ஏன் சார் சொல்லல?"

"நீ கேக்கலையே தம்பி. கேட்டவங்களுக்குச் சொன்னேன். உங்க அக்கா கேட்டாங்க, அவங்களுக்குச் சொன்னேன்."

"எப்ப?"

"நீ சேர்ந்த புதுசுல. கால்சட்டையில ரெட்டை மடிப்பு விழுந்துச்சே, அன்னைக்கு."

அவனுக்கு அந்தக் கால்சட்டை ஞாபகம் இருந்தது. நனைத்துப் போட்டதைத் திரும்பத் தேய்த்து மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவனே அவன்தான். மெதுவாகத் திரும்பினான். அக்கா எத்தனையோ விதமான அவன் முகத்தைப் பார்த்திருக்கிறாள், இதைப் பார்த்ததில்லை. அப்பாவின் கோபம் தனக்கு மட்டும்தான் வந்தது என்று நினைத்திருந்தாள்.

"அன்னைக்கே தெரியுமா?"

"நீ கேப்பேன்னு நெனச்சேன்டா... என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை..."

"ரோலர்கிட்ட கேட்டேன்ல! உனக்குக் கேக்கல?" அவன் கத்தினான். அந்தக் குடும்பத்தில் யாரும் கத்தி அந்தத் தெரு பார்த்ததில்லை. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அந்த மூட்டையப் பிரிச்ச நாள்லேருந்து ஒருநாள் ஒழுங்காத் தூங்கல. சாப்பாடு எறங்கல. எதிர்லயே நின்ன. ஒவ்வொரு ஷீட்டுக்கும் என் கை உன் கையில பட்டுச்சு. நடுங்குச்சு இல்ல? தெரியல? தெரிஞ்சும் வேடிக்கை பாத்தே!"

"கோபத்துல..."

"உன் கோபம் அவ்வளவு பெருசா? நான் செத்தா என்னை மூடுற போர்வையையும் நீதான் தொவைக்கணும். அப்பவும் தொட்டிகிட்டதான் பேசுவியா?"

அவள் அவன் கையைப் பிடித்தாள். "தப்புதான்டா. எல்லாம் தப்புதான். அடிச்சுக்கோ. வீட்டுக்கு மட்டும் வந்துடு."

"வந்து? அந்த அடுத்த முனையைப் புடிச்சிக்கிட்டு உன் எதிர்ல நிக்கணுமா, தெனமும்?" கையை உதறிக்கொண்டான். "இவ்வளவு நேரம் பயத்துல போறதா இருந்தேன். இப்ப நானாப் போறேன்."

நழுவிக் கிடந்த பையை எடுத்தான். அம்மாவைக் கட்டிக்கொண்டான். மடிப்பு அவன் பெயரைக் கூப்பிட்டார். குரல் முன்பு போல நேராக இல்லை. விருப்பம்தானா என்று இன்னொரு முறை கேட்கவும் கேட்டார். விருப்பம்தான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு அவன் பஸ்ஸில் ஏறினான்.

படியில் நின்று திரும்பிப் பார்த்தான். அக்கா படிக்குக் கீழேயே நின்றாள், கை நீட்டினால் தொடலாம். அவன் கண்கள் அவள் தலைக்கு மேலாகப் போய், வேன் கதவில் சாய்ந்து நின்ற வேன்காரரிடம் நின்றன.

"அண்ணே" என்றான். "வலது பக்க வால்வு இப்ப ரொம்ப ஒழுகுது. மூடும்போது அந்தப் பச்சைப் பனியனைச் சுத்திப் புடிக்கச் சொல்லுங்க. ரெண்டு சுத்து. இல்லேன்னா கை வெந்துடும்."

பஸ் உறுமியது. வேன்காரர் பக்கத்தில் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் காதிலும் நன்றாக விழுந்துவிட்ட அதை மறுபடி ஒருமுறை சொன்னார்.

"வால்வு மூடும்போது பனியனைச் சுத்திப் புடிக்கணுமாம்மா."

"கேட்டுச்சுன்னு சொல்லுங்கண்ணே" என்றாள் அக்கா. அதற்குள் பஸ் கதவைச் சாத்திவிட்டார்கள்.